முட்டிக்கு வைத்த பணம்

பிளாஸ்டிக் நாற்காலியோடு சேர்த்துத் தன்னைத் தூக்கியபோது அந்த அம்மாள் கண்களை இறுக மூடிக்கொண்டார். விழுந்துவிடுவோம் என்ற பயம் கொஞ்சம். எதிர் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடுபவர்கள் பார்ப்பார்களே என்ற கூச்சம் அதைவிட அதிகம். நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தவர் பக்கத்து அடுக்குமாடிக் கட்டடத்தின் வாட்ச்மேன். முதுகுப் பக்கம் பிடித்தவன் தெருமுனை மளிகைக்கடைப் பையன். அவர்களுக்குப் பின்னால் 'பாத்து, பாத்து' என்று சொல்லிக்கொண்டே இறங்கினார் 78 வயதுக் கணவர். 18 படிகளை இறங்க ஒன்பது நிமிடம் ஆயிற்று. கீழே ஆட்டோ காத்திருந்தது. இருதய டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள்.

திரும்பி வந்தபோது வாட்ச்மேன் இல்லை. ஷிப்ட் முடிந்து போய்விட்டார். மளிகைக்கடைப் பையன் ஒருவனால் ஆகிற காரியமில்லை. இரண்டரை மணி நேரம் கீழ்வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார் அம்மாள். தன் சொந்த வீட்டின் வாசலில், வாடகைக்காரர் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு. 2023 ஜூலையில் நடந்தது இது. அன்று ராத்திரி அவர் சொன்னது ஒன்றுதான்: "இனிமே டாக்டர் கிட்ட போக வேணாங்க."

பெங்களூர் ஜீவன் பீமா நகர்ப் பக்கம், 30-க்கு 40 அடி மனையில் 1988-இல் கட்டிய வீடு அது. இந்த அளவு மனையில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் அறைகளை வரைவார்கள். மிச்சம் கிடக்கிற மூலையில் மாடிப்படியைச் செருகுவார்கள். இந்த வீட்டிலும் அப்படித்தான். வெளிப்புறமாக மூன்றடி அகலத்தில் 11 படிகள். பிறகு ஒரு மூலைத் திண்டு. அங்கே திரும்பி இன்னும் 7 படிகள். எல்லாம் கடப்பைக் கல். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் இரும்பு கிரில். காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று குடும்பம் மாடியில் தங்கிக்கொண்டது. கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டார்கள். 43 வயதில் கட்டும்போது 78 வயது யாருக்கு நினைவுக்கு வரும்?

பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் கருவிகளின் அளவு சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் கணவர். வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்து வரும் பென்ஷன் மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம். குடும்பம் நடப்பது கீழ்வீட்டு வாடகையில்.

அம்மாளின் முட்டி தேய ஆரம்பித்துப் பல வருஷமாகிறது. இரண்டு முட்டியையும் மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் 2019-இல் 9 லட்ச ரூபாயைத் தனியாக ஒரு டெபாசிட்டில் போட்டார்கள். 'பேத்தி பரீட்சை முடியட்டும்', 'கொரோனா போகட்டும்' என்று தள்ளிப்போட்டதில், 2021-இல் மாரடைப்பு முந்திக்கொண்டது. இந்த இருதயத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய ஆபரேஷன் வேண்டாம் என்று இருதய டாக்டர் கையை விரித்துவிட்டார். டெபாசிட் மட்டும் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. குடும்பத்தில் அதற்குப் பெயர் 'முட்டிப் பணம்'.

ஜூலைச் சம்பவத்துக்குப் பிறகு ஆளுக்கொரு யோசனை. புனேயிலிருந்து வந்த மகள், வீட்டை விற்றுவிட்டு லிப்ட் உள்ள பிளாட்டுக்குப் போய்விடலாம் என்றாள். பத்து நாள் தங்கி, நான்கு பிளாட்டுகளைப் பார்த்தும் வந்தாள். அப்பா எல்லாவற்றிலும் ஒரு குறை கண்டுபிடித்தார்; கடைசி பிளாட்டில் குறை எதுவும் தென்படாததால் அந்தப் பேட்டையில் தண்ணீர் வராது என்றார். வாடகைக்காரரை மாடிக்கு அனுப்பிவிட்டு நாம் கீழே இறங்கிக்கொள்ளலாமே என்பது மகனின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் கீழ்வீட்டில் 14 வருஷமாக இருக்கும் கன்னடக் குடும்பத்திலும் ஒரு பாட்டி உண்டு. 82 வயது, வாக்கர் பிடித்து நடப்பவர். நம் வீட்டுக் கிழவிக்காக அவர்கள் வீட்டு அஜ்ஜியை மாடியில் ஏற்றிவிடுவதா என்று அம்மாள் கேட்டதும் அந்தப் பேச்சு நின்றது.

நியூ ஜெர்சியில் இருக்கும் மகன்தான் வீடியோ காலில் அந்தப் படத்தைக் காட்டினான். படிக்கட்டு ஓரமாக ஒரு தண்டவாளம். அதில் ஏறி இறங்கும் ஒரு நாற்காலி. ஸ்டேர்லிப்ட்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி மாடி ஏறும் ஆசை புதிதல்ல. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி ராஜா, உடல் பெருத்துக் கால் புண்ணோடு அவதிப்பட்ட கடைசி வருஷங்களில், ஆட்கள் கயிறு கட்டி இழுக்கும் நாற்காலியில் மாடி ஏறினார் என்பதற்குக் குறிப்புகள் கிடைத்திருப்பதாக வரலாற்றாசிரியர் டேவிட் ஸ்டார்கி 2009-இல் சொன்னார். மோட்டார் வைத்த நாற்காலி 1920-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வந்தது. இன்று இந்த யந்திரம் அதிகம் புழங்கும் பிரிட்டனில், படுக்கையறை மாடியில், சமையலறை கீழே என்று வீடுகள் இருப்பதும், பல வீடுகளில் படிக்கட்டு ஒரே நேர்க்கோட்டில் போவதும் அதற்குத் தோதாகிவிட்டன. இந்தியாவிலோ 2011 கணக்கெடுப்பின்போதே 60 வயதைத் தாண்டியவர்கள் 10 கோடிக்கு மேல். அவர்களில் எத்தனை பேர் திரும்பித் திரும்பி ஏறும் குறுகலான படிகளுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யார் எண்ணுவது?

முதலில் வந்த விற்பனைக்காரர் கழுத்தில் டை, கையில் லேசர் அளவுகோல். பத்து நிமிடத்தில் படிக்கட்டின் படத்தை டேப்லெட்டில் வரைந்து, அதில் ஒரு நாற்காலி சறுக்கிக்கொண்டு போவதையும் காட்டினார். விலை 7.90 லட்சம். நேரான படிக்கட்டாக இருந்தால் இதில் பாதிகூட ஆகாது. நேர்த் தண்டவாளம் ரெடிமேடாக வரும். வேண்டிய நீளத்துக்கு அறுத்து மாட்டிவிடுவார்கள். திருப்பம் இருந்தால் அந்தப் படிக்கட்டுக்கென்றே வளைத்துச் செய்ய வேண்டும். அளவு வெளிநாட்டுத் தொழிற்சாலைக்குப் போய், பொருள் வர பத்து வாரம்.

இரண்டாவது ஆள் கெட்டிக்காரர். வளைவே வேண்டாம், இரண்டு நேர் நாற்காலி போடலாம் என்றார். கீழே 11 படிக்கு ஒன்று, மேலே 7 படிக்கு ஒன்று. திண்டில் எழுந்து இரண்டடி நடந்து மறு நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். இரண்டும் சேர்ந்து 5.60 லட்சம். கணவருக்கு இது பிடித்துவிட்டது. இன்னொரு கம்பெனி வீட்டு லிப்டே போடலாம் என்றது. அதற்குப் பக்கவாட்டுச் சந்தில் இடமில்லை, வீட்டுக்குள் போடத் தளத்தை உடைக்க வேண்டும். படியில் ஊர்ந்து ஏறும் சக்கர நாற்காலி ஒன்றும் உண்டு. பின்னால் ஒரு திடகாத்திரமான ஆள் அதைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். அந்த ஆளுக்கு எங்கே போவது?

வேலை நாட்களில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குச் சண்டை போட்டவர் கணவர். இரண்டு வாரம் படிக்கட்டிலேயே வாசம் செய்தார். 18 படிகளில் எதுவும் எதற்கும் சமமில்லை, ஆறே முக்கால் அங்குலத்திலிருந்து ஏழரை வரை இருக்கிறது என்று கண்டுபிடித்து, 35 வருஷத்துக்கு முன் கட்டிய மேஸ்திரியைத் திட்டினார். தண்டவாளத்தைத் தாங்கும் கால்கள் சுவரில் பதிவதில்லை, படியிலேயே பதிகின்றன என்று தெரிந்ததும் அடுத்த கவலை. கடப்பைக் கல் ஓட்டை போட்டால் விரியும். கல்லைத் தாண்டி அடியிலிருக்கும் கான்கிரீட்டில் போல்ட் பிடிக்க வேண்டும். மகனுக்கு நான்கு பக்கக் கடிதம் டைப் அடித்து அனுப்பினார்.

அந்தச் சமயத்தில்தான், மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டில் பழைய வளைவு யந்திரம் ஒன்றரை லட்சத்துக்கு இருப்பதாக நண்பர் தகவல் கொண்டுவந்தார். இருவரும் போய்ப் பார்த்தார்கள். படியின் அடியில் மடித்து வைத்த நாற்காலி; மேலே ஒரு பழைய பெட்ஷீட். அந்த வீட்டு அம்மா ஏழு மாதம்தான் உபயோகித்தாராம். மகன் ஸ்விட்சைப் போட்டுக் காட்டினார். காலி நாற்காலி முனகிக்கொண்டே மேலே போய், திரும்பி, நின்றது. கணவர் தன் டேப்பை எடுத்து அளந்தார். ஒருவருக்குத் தைத்த ரவிக்கை இன்னொருவருக்கு ஆகாது; அந்தத் தண்டவாளமும் அப்படித்தான். வேறு எந்தப் படிக்கட்டிலும் உட்காராது. 'அப்பவே நேர் ரெயில் போட்டிருந்தா வித்திருக்கலாம் சார்' என்றார் அந்த மகன். அவர்கள் வீட்டுப் படிக்கட்டில் அதற்கு வழியில்லை என்பது அவருக்கும் தெரியும்.

வீடு திரும்பும் வழியில் கணவர் இரண்டு நேர் நாற்காலிக்கே முடிவு கட்டிவிட்டார். நாளைக்கு விற்கவாவது முடியும்.

இவ்வளவும் நடக்கும்போது உட்காரப் போகிறவர் உள்ளே பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். வந்த மூன்று கம்பெனிக்காரர்களில் ஒருவரும் அவரை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. எடை மட்டும் கேட்டார்கள். அதற்கும் பதில் சொன்னது கணவர்தான்.

கேட்டவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். மகள் போனில் பிடித்து அனுப்பிய சின்னப் பெண். படிக்கட்டுப் பக்கமே போகாமல் நேராக அம்மாளிடம் வந்து, கைப்பிடி இல்லாத ஸ்டூலில் உட்காரச் சொன்னார். எழச் சொன்னார். மறுபடி உட்காரச் சொன்னார். மூன்றாவது முறை எழுந்தபோது அம்மாளுக்கு மூச்சு வாங்கியது, மேலுதடு வியர்த்தது. பிறகு கோணம் பார்க்கும் கருவியை முட்டியில் வைத்தார். இடது கால் நன்றாக மடிந்தது. வலது கால் 70 டிகிரிக்கு மேல் மடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் வலது பாதம் ஒரு சாண் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும்.

"அம்மா, நீங்க கீழே போய் என்ன செய்யப் போறீங்க?" என்றார் அந்தப் பெண். அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தார். டாக்டரை அவர் சொல்லவில்லை. காலையில் வரும் கீரை வண்டி. செவ்வாய், வெள்ளியில் பிள்ளையார் கோவில். சாயங்காலம் கேட் பக்கத்தில் அஜ்ஜியோடு பத்து நிமிடம். இப்போது இருவரும் பேசுவது, இவர் கிரில் வழியாகக் குனிந்து கத்த, அவர் கீழிருந்து தலை தூக்கிக் கத்த. தெருவுக்கே கேட்கிறது என்று எதையும் மனம்விட்டுப் பேச முடிவதில்லை.

"அப்ப ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போய் வருவீங்க" என்று கணக்குப் போட்டார் பிசியோதெரபிஸ்ட். இரண்டு நாற்காலித் திட்டத்தைக் கணவர் விளக்கியபோது அம்மாளே விரல் விட்டு எண்ணினார். இறங்கும்போது திண்டில் ஒருமுறை, கீழே ஒருமுறை எழ வேண்டும். ஏறும்போதும் அதேபோல இரண்டு. நாளைக்கு இரண்டு முறை என்றால் எட்டு. ஒற்றை நாற்காலியில் நான்கே.

"அந்தத் திண்டுல நின்னு திரும்பி உக்கார முடியும்னா, நான் ஏங்க மாடியிலேயே கெடக்கப் போறேன்?"

கணவர் பதில் சொல்லவில்லை. மூன்றடிக்கு மூன்றடித் திண்டில், ஏழு மணி இருட்டில், மழைச் சாரல் பட்ட கடப்பைக் கல்லில் மனைவி ஒற்றைக் காலை ஊன்றித் திரும்புவதை அவரும் அப்போதுதான் மனதில் பார்த்திருக்க வேண்டும்.

நீட்டிய வலது பாதம் இன்னொரு சிக்கல். அதை ஷோரூமுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்கள் கம்பெனியில். ஷோரூமுக்குப் போக மாடியிலிருந்து இறங்க வேண்டுமே! அதனால் கணவர் வீட்டிலேயே ஒரு நாற்காலி செய்தார். பழைய ஸ்டூல் ஒன்றை யந்திரத்தின் உட்காரும் உயரத்துக்கு உயர்த்தி, அடியில் பிளைவுட் தட்டு அடித்து, ஹாலில் சுவரோரம் நிறுத்தினார். எதிரே மூன்றடி தள்ளி கிரிலுக்குப் பதிலாக பீரோ. அம்மாள் உட்கார்ந்தார். வலது கால் பெருவிரலுக்கும் பீரோவுக்கும் நடுவே கணவர் வைத்த தீப்பெட்டி படுக்கையாக நுழைந்தது. நிமிர்த்தி வைத்தால் நுழையவில்லை. யந்திரம் நகரும்போது கால் கொஞ்சம் அசைந்தால் போதும், கிரில் கம்பியில் மாட்டும். கால் தட்டின் விளிம்பில் ஏதாவது பட்டால் யந்திரம் நின்றுவிடும், அது உண்மை. தட்டைத் தாண்டி நீட்டியிருக்கும் விரலை அது எப்படி அறியும்?

இதற்கு வழி இருந்தது. குறுகலான படிகளுக்கென்று, ஏறும்போதே நாற்காலி சற்றுச் சாய்வாகத் திரும்பிக்கொள்ளும் மாடல். கால் சுவரை நோக்கி நீளாமல் படி போகும் திசையில் நீளும். விலை 9.20 லட்சம்.

மகன் தானே கொடுப்பதாகச் சொன்னான். அவன் வீட்டுக் கடனும் பேத்தியின் கல்லூரிக் கட்டணமும் கணவருக்குத் தெரியும், வேண்டாம் என்றார். பாதிப் பாதி என்றான். அதற்கும் வேண்டாம். அடுத்த மழைக்காலத்துக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று கணவர் பேச்சை முடிக்கப் பார்த்தார். அந்த 9 லட்சத்தைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. அதைத் தொட்டால் ஆபரேஷன் இனி நடக்காது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இரண்டு வருஷமாக எந்த டாக்டரிடம் போனாலும், கடைசியில் 'முட்டிக்கு எப்ப பண்ணலாம் சார்?' என்று கேட்காமல் அவர் எழுந்ததில்லை.

"முட்டிக்குன்னு வெச்ச பணந்தானே. முட்டிக்கே போகட்டும்" என்றார் அம்மாள். வீடியோ காலில் மகன் வாய் திறப்பதற்குள், கேஸ் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

ஆர்டர் கொடுக்கும் முன் கணவர் கேட்ட கேள்விகளில் கம்பெனிக்காரர் திணறிப்போனார். கரண்ட் போனால்? பேட்டரியில்தான் ஓடும், மின்சாரம் அதைச் சார்ஜ் செய்யவே, கரண்ட் இல்லாமலும் சில தடவை போய்வரலாம். பேட்டரி எத்தனை நாள் வரும், மாற்ற என்ன விலை? அதை அவர் தானாகச் சொல்லியிருக்கவில்லை. கேட்டபின் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றார். நடுவில் பழுதாகி நின்றால் கையால் இறக்க வழி உண்டா? உதிரி பாகம் பெங்களூரில் இருக்குமா, கடல் தாண்டி வர வேண்டுமா? கிரில் வழியாகச் சாரல் அடிக்குமே? அதற்கு வெளியிடத்து மாடலின் உறை தனியாகத் தருவதாக எழுதிக்கொடுத்தார்கள். அம்மாளுக்கு ஒரே கேள்வி: புடவை மாட்டாதா? மாட்டலாம், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெல்ட் போட வேண்டும் என்று சொன்னார் பிசியோதெரபிஸ்ட். கம்பெனியின் வெளிநாட்டுக் கையேட்டில் புடவை பற்றி ஒரு வரி இல்லை.

2024 பிப்ரவரியில் மாட்டினார்கள். ஒன்றரை நாள் வேலை. ஆறாவது படியின் கடப்பைக் கல் கணவர் சொன்னபடியே விரிந்தது. அவர் முகத்தில் வருத்தத்தைவிடத் திருப்தி அதிகம் தெரிந்தது. தண்டவாளம் கடைசிப் படியைத் தாண்டி ஓரடி நீண்டு நின்றது. அது கீழ்வீட்டுக்காரர் ஸ்கூட்டர் நிறுத்தும் இடம். கணவர் தயங்கித் தயங்கிச் சொல்லப் போவதற்குள் அவர் வண்டியை கேட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்திவிட்டிருந்தார்.

முதல் பயணத்தைக் கணவர் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தார். மேலிருந்து கீழ் வரை ஒரு நிமிடம் பத்து வினாடி. அவர் நாற்காலிக்கு முன்னால் ஒவ்வொரு படியாக, கிரிலைப் பிடித்துப் பின்புறமாக இறங்கினார். "முன்னாடி பாத்து எறங்குங்க, விழப்போறீங்க" என்று அதட்டினார் அம்மாள். திண்டு வந்ததும் நாற்காலி மெதுவாகத் திரும்பியது. வலது பாதம் கிரிலை உரசாமல் தாண்டியது. எதிர் மாடியில் துணி காயப்போடுபவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இந்த முறை அம்மாள் கண்ணை மூடவில்லை, கையை ஆட்டினார்.

கீழே அஜ்ஜி வாக்கரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். யந்திரத்தை மேலும் கீழும் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். மூன்று வருஷமாகிறதாம் அவர் மாடிக்கு வந்து; மொட்டை மாடியில் தான் நட்டுக்கொடுத்த மல்லிகை இப்போது எப்படி இருக்கிறது என்று கன்னடத்தில் கேட்டார். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பாதி காய்ந்துவிட்டது என்று அம்மாள் சொல்லவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அஜ்ஜியின் மகன் வந்து, ஒரே ஒரு தடவை அம்மாவை ஏற்றலாமா, பேட்டரி தீர்ந்துவிடுமா என்று கேட்டார். கணவர் எடை என்ன என்று விசாரித்தார். வாக்கரை மகன் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையைச் செருகி, பெல்ட் போட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு அஜ்ஜி மாடி ஏறினார். மேலே இரண்டாவது நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டு, பட்டனை அழுத்திய கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார் அம்மாள்.